சைட் ஸ்டிக்கும் சாலவாக்கம் ஏரிக்கரையும்

ஜெயசீலன் திரும்பி வரமாட்டான் என்ற நல்ல செய்தியைக் கேட்டு வருவதற்காகத்தான் நான் முதன்முதலாக இந்தியாவுக்குப் போனேன். அலுவலகத்தில் சொல்லப்பட்ட காரணம் வேறு. "விடுப்பில் போனவன் போனில் பிடிகொடுத்துப் பேசமாட்டேன் என்கிறான். நேரில் போய் அவன் மனத்தைத் தெரிந்துகொண்டு வா" என்று எங்கள் மேலாளர் லிம் ஆங்கிலத்தில் சொன்னார். அவன் வராவிட்டால் உன்னைத்தான் ஐரோப்பாவுக்கு அனுப்பவேண்டியிருக்கும் என்று போகிற போக்கில் இன்னொரு வாக்கியத்தையும் சேர்த்தார். அந்த வாக்கியத்தை மட்டும் பத்திரமாக எடுத்துக்கொண்டு விமானம் ஏறினேன்.

நாங்கள் இருவரும் வேலை பார்ப்பது கோலாலம்பூருக்கு வெளியே, விமானிகளுக்குப் பயிற்சி தரும் ஒரு நிலையத்தில். தரையை விட்டு எழும்பாத பொய் விமானங்கள் அங்கே இருக்கின்றன. விமானிகள் அவற்றில் உட்கார்ந்து செய்யும் தவறுகளைக் கணினியில் பிடித்து வரைபடமாகப் போட்டுக் காட்டுவது எங்கள் வேலை. நான் அங்கே பன்னிரண்டு ஆண்டுகளாக இருக்கிறேன். ஜெயசீலன் வந்து மூன்றாண்டுகூட ஆகவில்லை. அவன் உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரன். சென்னையில் படித்துவிட்டு ஒப்பந்தத்தில் வந்தவன்.

பழைய விமானங்களில் இரண்டு விமானிகளுக்கும் முன்னால் ஆளுக்கொரு பெரிய கைப்பிடி இருக்கும். உள்ளே இரண்டும் இணைக்கப்பட்டவை. ஒருவர் இழுத்தால் மற்றவரின் முழங்காலுக்கு முன்னால் இருப்பதும் தானாக நகரும். புதிய வகை விமானங்களில் அதை எடுத்துவிட்டு, இருக்கையின் ஓரத்தில் சாண் உயரத்துக்கு ஒரு சின்னப் பிடியை வைத்தார்கள். அதுதான் சைட் ஸ்டிக். ஒருவருக்கு இடக்கைப் பக்கம், மற்றவருக்கு வலக்கைப் பக்கம். எங்களிடம் இருந்த வகையில் இரண்டுக்கும் நடுவே எந்த இணைப்பும் கிடையாது. பதற்றத்தில் இருவரும் ஒரே நேரத்தில் அசைத்தால் கணினி இரண்டையும் கூட்டிக்கொள்ளும். ஒருவர் தள்ளி, ஒருவர் இழுத்தால் விமானம் இருவர் சொன்னதையும் செய்யாது. அப்போது ஒரு விளக்கு எரியும், ஒரு குரல் எச்சரிக்கும். பிடியில் இருக்கும் பொத்தானை அழுத்துகிறவர் கைக்கு அதிகாரம் வரும்.

விளக்கும் குரலும் பொத்தானும் போதும், மீதியைப் பயிற்சியில் சரிசெய்யலாம் என்பது என் கட்சி. போதாது, பக்கத்தில் இருப்பவரின் கை என்ன செய்கிறது என்பது என் கைக்கே தெரியவேண்டும், பாதுகாப்பு விதியிலேயே அது இருக்கவேண்டும் என்பது ஜெயசீலன் கட்சி. அந்த விதிகளைப் பற்றிப் பேச ஐரோப்பாவில் ஒரு குழு கூடவிருந்தது. எங்கள் நிலையத்துக்கு ஒரே ஓர் இடம். கூட்டத்தில் இருவரும் பேசினோம். லிம் அவனைத் தேர்ந்தெடுத்தார். அன்று மதியம் உணவகத்தில் ரொட்டி சானாயைப் பிய்த்தபடி அவனுக்கு வாழ்த்துச் சொன்னேன். பாதி ரொட்டியைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தேன்.

சென்னையிலிருந்து ஏறிய பேருந்து செங்கல்பட்டு தாண்டி ஒரு வளைவில் நின்றுவிட்டது. ஓட்டுநர் இறங்கி டயரை ஒரு உதை உதைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். எங்கள் ஊராக இருந்தால் மாற்றுப் பேருந்து வருவதற்குள் பத்துப் பேராவது புகார் செய்திருப்பார்கள். இங்கே எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்கள். பக்கத்தில் இருந்த வேட்டிக்காரர் எந்த ஊர் என்று விசாரித்தார். மலேசியா என்றதும், "எங்க சித்தப்பா மவன் அங்கதான் கீறான். பேரு கன்னியப்பன். கருப்பா, ஒசரமா இருப்பான். பார்த்துகிறியா?" என்று கேட்டார். பார்த்ததில்லை என்று சொல்ல எனக்கு ஏனோ சங்கடமாக இருந்தது. பார்த்த மாதிரி இருக்கிறது என்றேன். அவர் மகிழ்ந்துபோய் எனக்கு ஒரு வெள்ளரிப் பிஞ்சு வாங்கித் தந்தார்.

உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் ஜெயசீலன் காத்திருந்தான். கோலாலம்பூரில் இஸ்திரி கலையாத சட்டையில்தான் அவனைப் பார்த்திருக்கிறேன். இங்கே லுங்கியும், காலர் கிழிந்த பனியனும், தோளில் துண்டும். "வாங்கண்ணா. இன்னா, பஸ்ஸு பேஜார் பண்ணிடுச்சா?" என்றான். அங்கே என்னிடம் பாதி ஆங்கிலத்தில், யோசித்து யோசித்துப் பேசுகிறவன் இவன். இந்தப் பேச்சை அவ்வளவு நாளும் எங்கே வைத்திருந்தான் என்று தெரியவில்லை. எனக்கு அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் ஒரே தமிழ்தான்.

டவுன் பஸ்ஸில் சாலவாக்கம் போய், அங்கிருந்து அவனுடைய டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனோம். வீடு ஊருக்கு வெளியே, மாதா கோயிலை ஒட்டிய காலனியில் இருந்தது. இரண்டு அறை, ஓடு போட்டது. அவன் அம்மா சவுரியம்மா நடவு முடித்துச் சேறு உலராத காலோடு வந்து என்னைப் பார்த்தார். மனைவி விமலா பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஆசிரியை. அவர்களுக்குக் கல்யாணமாகி ஒன்றரை வருடம். அதில் சேர்ந்து இருந்தது எத்தனை நாள் என்று விமலாவைக் கேட்டால் தெரியும்.

அன்று ஏரிக் கெண்டை போட்ட குழம்பு. முள் அதிகமுள்ள மீன். கோலாலம்பூரில் முள் எடுத்த துண்டுகளைத் தின்று பழகிய நான் தடுமாறுவதைப் பார்த்து, சவுரியம்மா என் தட்டை வாங்கி விரலாலேயே முள்ளை ஆய்ந்து திருப்பித் தந்தார். பிறகு, "உனுக்குச் சொந்த ஊரு எது நைனா?" என்று கேட்டார். என் தாத்தா செங்கல்பட்டு ஜில்லாவிலிருந்து ரப்பர்த் தோட்டத்துக்குக் கப்பலேறினவர், ஊர்ப் பெயரை எங்கள் வீட்டில் யாரும் நினைவு வைத்துக்கொள்ளவில்லை என்றேன். அவர் குழம்புச் சட்டியைப் பக்கத்தில் இழுத்தார்.

"அப்போ இந்தப் பக்கமாத்தான் இருக்கும். இன்னும் ரெண்டு மீனு போடட்டா?"

அத்தோடு அந்த விஷயம் முடிந்தது. ஜெயசீலன் ஒரு மூலையில் சாய்ந்து உட்கார்ந்து, அம்மா நடவைப் பற்றிச் சொல்வதைக் கேட்டபடி பல் குத்திக்கொண்டிருந்தான். இவனுக்கு இதுவும் இருக்கிறது, அதுவும் கிடைத்திருக்கிறது என்று மனத்துக்குள் ஒரு குரல் கணக்குப் பார்த்தது. அந்தக் குரலை அடக்க நான் பெரிதாக முயற்சி செய்யவில்லை.

மறுநாள் காலை இட்லியும் வடகறியும். நாஷ்டா முடிந்ததும் என்னை உத்திரமேரூர்க் கோயிலுக்கு அழைத்துப்போனான். வழியில் நானே பேச்சைத் தொடங்கினேன். லிம் கவலைப்படுவதாகச் சொன்னேன். அவன் மறைக்காமல் சொல்லிவிட்டான். சென்னைக்குப் பக்கத்தில் இயந்திர உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் வேலைக்குக் கூப்பிடுகிறார்களாம். சம்பளம் குறைவுதான். ஆனால் தினமும் வீட்டுக்கு வந்துவிடலாம். ஐரோப்பாக் குழு என்றால் ஒரு கூட்டத்தோடு முடியாது, இரண்டு மூன்று வருடம் இழுக்கும். "எனுக்கு இங்க நல்லாகீதுண்ணா" என்றான். அவன் தந்த காரணம் அவ்வளவுதான்.

எனக்கு வந்தது மகிழ்ச்சி அல்ல, கோபம். நான் தூக்கம் கெட்டு ஏங்கிய ஒன்று அவனுக்கு வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், வேண்டாமானால் விட்டுவிடலாம் என்கிற அளவில் இருந்தது. அவன் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தால்கூட என்னால் பொறுத்திருக்க முடியும்.

கோயில் சுவர் முழுக்கக் கல்வெட்டு. சோழர் காலத்தில் ஊர் வாரியங்களுக்குக் குடவோலை போட்டு ஆள் எடுத்த விதிகளை அங்கே செதுக்கி வைத்திருக்கிறார்கள். யார் வாரியத்தில் உட்காரலாம், யார் கூடாது என்பதற்கு எத்தனை நிபந்தனைகள். வரி கட்டும் நிலம் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதம் படித்திருக்கவேண்டும். கணக்குக் காட்டாதவன் கூடாது. அங்கே இருந்த காவலாளி ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, ஒரு குழுவில் இடம் கிடைக்காதவன் இதைக் கேட்க நேர்ந்ததே என்று நான் சிரித்துவிட்டேன்.

ஜெயசீலன் சிரிக்கவில்லை. சுவரைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். "இந்தக் கல்ல எங்க ஆளுங்கதான் சொமந்துனு வந்திருப்பாங்க. ஓலையில ஒருத்தர் பேரும் எழுதியிருக்க மாட்டாங்க" என்றான். பிறகு வெளியே போய் டீ குடிக்கலாமா என்று கேட்டான். நிலமில்லாத குடும்பத்திலிருந்து வந்து, ஆகாயத்தில் பறக்கிறவர்களுக்கு விதி எழுதும் குழுவுக்கு அழைக்கப்பட்டவன் அவன். அதை விட்டுக்கொடுக்கவும் அவனுக்குத்தான் உரிமை என்று நினைத்தேன். அந்த நினைப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் லிம்முக்குப் போன் செய்யவேண்டியிருந்தது. அப்போது காலனியில் செல்போன் யாரிடமும் இல்லை. சாலவாக்கம் எஸ்.டி.டி. கடையில் வெளிநாட்டு லைன் கிடைப்பது அதிர்ஷ்டம். உத்திரமேரூருக்கே போகலாம் என்றான். அவன் அக்கா கணவர் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவர். அன்று அவருடைய பழைய மாருதி கார் வீட்டு வாசலில் நின்றது. கூரையில் பலகை, முன்னும் பின்னும் சிவப்பில் பெரிய எல். பயிற்சி தருகிறவர் உட்காரும் இடப்பக்கத்திலும் காலுக்குக் கீழே ஒரு கிளட்ச், ஒரு பிரேக், ஓட்டுகிறவர் பக்கத்தோடு கம்பியால் இணைத்தவை. நான் ஓட்டுகிறேன் என்றேன். நெடுஞ்சாலையில் பன்னிரண்டு ஆண்டு ஓட்டியவன், எதிலாவது இவனைவிட நன்றாகச் செய்து காட்டவேண்டும் என்று தோன்றியது. ஜெயசீலன் இடப்பக்கம் உட்கார்ந்தான்.

ஏரிக்கரை மேல் ஒற்றைச் சாலை. முந்தின வாரம் மழை பெய்து ஏரி நிறைந்திருந்தது. இடப்பக்கம் தண்ணீர், வலப்பக்கம் சரிவில் வயல். கரை குறுகும் இடத்துக்குச் சற்று முன்னால் எதிரே டவுன் பஸ் வந்தது. அதற்கு முன்னால் நாம் தாண்டிவிடலாம், இடப்பக்கம் போதுமான அளவு இருக்கிறது என்று கணக்குப் போட்டு ஆக்ஸிலேட்டரை அழுத்தினேன்.

என் இடது கால் கிளட்சின் மேல் லேசாக வைத்தபடி இருந்தது. திடீரென்று அந்தக் கிளட்ச் என் காலுக்கு அடியிலிருந்து தானாகக் கீழே இறங்கியது. யாரோ என் பாதத்தைப் பிடித்து இழுத்ததுபோல இருந்தது. ஒரு கணத்தில் தெரிந்துவிட்டது, அவன் கால் உள்ளே வந்துவிட்டது என்று. ஏன் என்று எனக்குத் தெரியாது. ஆனால் என் வலது கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து தானாக மேலே வந்துவிட்டது. அவன் பிரேக்கையும் அழுத்த, கார் குலுங்கி நின்றது.

ஜெயசீலன் தன் பக்கத்துக் கதவைத் திறந்து கீழே பார்த்தான். புல் மூடியிருந்த இடத்தில் கரை அரித்துக் குழியாகியிருந்தது. முன்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து மண் பொலபொலவென்று தண்ணீரில் விழுந்துகொண்டிருந்தது. என் இருக்கையிலிருந்து அது தெரிந்திருக்க வழியில்லை. டவுன் பஸ் எங்களை உரசாத குறையாகக் கடந்தது. படியில் தொங்கிய நடத்துநர் குனிந்து பார்த்து, "இன்னா சார், காரு ஓட்டக் கத்துக்கிறியா, நீச்சல் கத்துக்கிறியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

காரைப் பின்னுக்கு எடுத்து ஓரமாக நிறுத்தினோம். இருவரும் இறங்கி ஒரு கல்லில் உட்கார்ந்தோம். நீ ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். கத்த நேரமில்லை என்றான். அவன் சொன்னது உண்மை. கத்தியிருந்தால் நான் என்ன என்று திரும்பிப் பார்த்திருப்பேன். காருக்குள் ஒரு விளக்கு எரிந்திருந்தால் அதைப் பார்த்திருப்பேன். பார்த்துப் புரிந்துகொள்வதற்குள் ஏரிக்குள் போயிருப்போம். இரண்டு கால்களுக்கு நடுவே ஒரு கம்பி இருந்ததால் கல்லில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பொய் விமானத்தில் இரண்டு விமானிகளின் கைகள் சண்டை போடுவதை நான் எத்தனையோ முறை வரைபடத்தில் பார்த்திருக்கிறேன், சிவப்பில் ஒரு கோடு, நீலத்தில் ஒரு கோடு. ஒருநாளும் என் காலில் உணர்ந்ததில்லை.

இருந்தாலும் விடவில்லை. விமானத்தில் இரண்டு பிடிகளையும் இணைத்தால், ஒன்று சிக்கிக்கொள்ளும்போது மற்றதும் சிக்கிக்கொள்ளும், அதற்கு என்ன பதில் என்று கேட்டேன். அந்த நேரத்தில் இணைப்பு தானே விட்டுப்போகிற மாதிரி செய்யவேண்டும், எவ்வளவு வலுக்கொடுத்தால் விடவேண்டும் என்பதுதான் கஷ்டம் என்றான். அதற்கும் நான் ஒரு குறை சொன்னேன். அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"உங்கள இங்க அனுப்பச் சொல்லி லிம் மேடத்துக்குச் சொன்னதே நான்தாண்ணா. இங்க எல்லாரும் போ போன்றாங்க, இல்லாட்டி போவாதன்றாங்க. எதுத்துப் பேசறதுக்கு ஒரு ஆளு வேணும்."

லிம் அதை என்னிடம் சொல்லவில்லை. கடைசியில் உள்ளதைச் சொன்னேன். "ஜெயா, எனக்கு உன்மேல பொறாமை. நீ போகமாட்டேன்னு சொல்லணும்னுதான் வந்தேன்."

"தெரியும்ணா" என்றான். கோபமோ ஆச்சரியமோ இல்லை. எழுந்து காருக்குப் போனான். மீதி வழி அவன்தான் ஓட்டினான்.

உத்திரமேரூர் எஸ்.டி.டி. கடையில் கண்ணாடிக் கூண்டுக்குள் நான் நுழையும்போது அவன் வெளியே நின்றுவிட்டான். "வரேனா இல்லியான்னு நீங்களே சொல்லிடுங்கண்ணா. எனுக்கு ரெண்டும் சரியாத்தான் படுது" என்றான். விளையாட்டாகச் சொல்கிறானோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. எதிரே இருந்த வண்டியில் வேர்க்கடலை வாங்கப் போய்விட்டான்.

இரண்டு முறை அறுந்து மூன்றாம் முறை லைன் கிடைத்தது. லிம் நேராக விஷயத்துக்கு வந்தார். அவன் இல்லையென்றால் உன் பெயரை இன்றே அனுப்பிவிடுகிறேன், உன் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாகும்தானே என்று கேட்டார். கண்ணாடிக்கு வெளியே ஜெயசீலன் கடலையை ஊதித் தோல் நீக்கிக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை போதும். அவனே எனக்குக் கொடுத்துவிட்டான், திருட்டுகூட இல்லை. ஆனால் அந்தக் குழுவில் உட்கார்ந்து நான் எதைப் பேசுவது? பொத்தான் போதும் என்று இனிமேல் என்னால் மனசாரச் சொல்ல முடியாது. போதாது என்று சொன்னால் அது அவன் பேச்சு. அவனைப்போலச் சொல்லவும் எனக்கு வராது. கூண்டுக்குள் வியர்த்துக் கொட்டியது.

"அவன் வருகிறான்" என்றேன்.

நல்லது, சேர்ந்தே வந்துவிடுங்கள் என்றார் லிம். போனை வைத்த கணத்திலேயே, எடுத்து மாற்றிச் சொல்லிவிடலாமா என்று என் கை போனது. வெளியே வந்து ஜெயசீலனிடம் சொன்னேன். சரி என்று தலையாட்டி, கடலைப் பொட்டலத்தை நீட்டினான். நல்லது செய்தவனுக்கு மனம் லேசாகும் என்பார்கள். எனக்கு வயிறு எரிந்தது. கடலை நன்றாக வறுபட்டிருந்தது, அது வேறு.

வீட்டில் சவுரியம்மா கேட்டுவிட்டு, "போவட்டும், போய் வரட்டும்" என்று சொல்லி அடுப்படிக்குப் போனார். தேர்வுத்தாள் திருத்திக்கொண்டிருந்த விமலா ஒரு தாளை முடித்து அடுத்ததை எடுத்தார். இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கும் பரிமாறினார். களியும் கருவாட்டுக் குழம்பும், குறையில்லாமல். நான் போதும் என்று கையை நீட்டியபோதுதான் பேசினார்.

"நல்லா முடிவு பண்ணீங்கண்ணா. உங்குளுக்கு இன்னா, தனி ஆளு."

ஜெயசீலன் அவர் பெயரைச் சொல்லி அடக்கினான். அவர் அடங்கவில்லை, மேலும் பேசவும் இல்லை. நான் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டேன்.

அடுத்த நாள் முழுவதும் அவன் துணிகளைத் துவைத்ததும் மடித்ததும் விமலாதான். ஒவ்வொரு சட்டையையும் அடிக்கிற மாதிரி உதறினார். அவன் பின்னாலேயே நின்று ஏதோ மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தான். ஒரு கட்டத்தில் அவர் கையிலிருந்த லுங்கியை அவன்மேல் எறிந்தார். நான் வாசலில் கோழிகளைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தேன். புறப்படும் அன்று பேருந்து நிறுத்தம் வரை வந்தார். அவனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. பேருந்து நகர்ந்த பிறகும் அங்கேயே நின்று, எங்கள் சன்னலை முறைத்துக்கொண்டிருந்தார். அவர் எங்களைப் பார்த்துக் கையசைக்கவே இல்லை.

விமானத்தில் எனக்கு எப்போதும் தூக்கம் வராது. ஒவ்வொரு சத்தத்துக்கும் முன்னால் இருக்கும் இருவரில் யார் கை எங்கே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டிருப்பேன். ஜெயசீலன் கடல் தெரிவதற்கு முன்பே தூங்கிவிட்டான். வாய் லேசாகத் திறந்து, தலை மெல்லச் சரிந்து என் தோளில் வந்து நின்றது. அவனுக்குக் கிடைத்த இடத்தைக் கண்டு பொறாமைப்பட்டேன், அவன் அம்மாவைக் கண்டு, அவன் பேச்சைக் கண்டு, இப்போது இந்தத் தூக்கத்தைக் கண்டும். ஆனால் மனத்தை அறுத்துக்கொண்டிருந்தது இவை எதுவும் இல்லை. லுங்கியை எறிந்த அந்தக் கோபம்தான். நான் எத்தனையோ முறை பெட்டியோடு வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்பியிருக்கிறேன். ஒருதடவையாவது, போகிறாயே என்று என்மேல் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

பணிப்பெண் உணவுத் தட்டோடு வந்து அவனை எழுப்பட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். தோள் மரத்துப்போகும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.